இடது பொத்தான்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் முப்பத்தோரு வருடம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன். எங்கே சத்தம் வந்தாலும் முதலில் ஒயரைத்தான் பார்ப்பேன். அன்று ராத்திரியும் ஒயரைத்தான் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

வேலையை விட்டதும் ஒரு பழைய வேன் வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் நானே பொருத்தினேன். என் மனைவிக்குக் குளிர் ஆகவே ஆகாது. "ஊர் பூரா குளிர வைக்கிற மனுஷனுக்கு, பொண்டாட்டிக்குச் சூடு பண்ணத் தெரியல," என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்காகவே ஒரு டீசல் ஹீட்டர் மாட்டினேன். எரிவது டீசல்தான் என்றாலும், அதன் விசிறியும் பம்பும் ஓட கரண்ட் வேண்டும். அதற்கு ஒரு பவர் ஸ்டேஷன், அதாவது கையில் தூக்கிப் போகிற பேட்டரிப் பெட்டி. அதில் இடது பொத்தான் ஹீட்டருக்கு. வலது பொத்தான், தூங்கும்போது நான் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவிக்கு. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். கருவி இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

போன வருடம் முதல் பயணம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். கிளம்பும் அவசரத்தில் பெட்டியில் முக்கால்வாசிதான் சார்ஜ் ஏற்றியிருந்தேன்.

"விடியற வரைக்கும் ரெண்டுக்கும் வருமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுக்குன்னா வரும். ரெண்டுக்குன்னா சந்தேகம்தான்," என்றேன் கொட்டாவி விட்டுக்கொண்டே. "பாத்துக்கலாம், தூங்கு."

காலையில் கண் விழித்தபோது ஹீட்டர் நின்றிருந்தது. இரண்டு போர்வைகளும் என் மேல் கிடந்தன. அவள் உதடு நீலம் பாரித்து, கட்டில் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்னை எழுப்பக் கூடாதா?"

"தானா நின்னுடுச்சுங்க. போர்வைக் கள்ளன் நல்லா தூங்கினாரா?"

எனக்கு உடனே காரணம் விளங்கிவிட்டது. அந்தப் பெட்டியில் மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. கரண்ட் கொஞ்சமாகப் போனால், யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துத் தானே அணைத்துவிடும். அதை நிறுத்தி வைக்க நான் மறந்திருந்தேன். தொழில் தெரிந்தவன் செய்கிற தப்பா இது?

அன்று பிடித்த சளி அவள் நெஞ்சில் இறங்கியது. பதினோராம் நாள் போய்விட்டாள். என் மறதிதான் அவளைக் கொன்றது என்று ஒரு வருடம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அதனால்தான் அதே தேதியில் அதே ஏரிக்கரைக்குப் போனேன். தனியாக, அவளிடம் மன்னிப்புக் கேட்க. பெட்டியில் நூறு சதவீதம். மிச்சம் பிடிக்கிற ஏற்பாட்டை நிறுத்தியாயிற்றா என்று மூன்று தடவை பார்த்தேன். அவள் போர்வையை மடித்து அவள் பக்கத்தில் வைத்தேன். "இன்னைக்கு நிக்காதும்மா," என்று வாய்விட்டுச் சொன்னேன். 10:05க்குப் படுத்தேன். பம்ப் டிக்... டிக்... என்று ஓடிக்கொண்டிருந்தது. வேனுக்குள் நல்ல சூடு. ஆனால் அவள் பக்கத்து மெத்தையில் கை பட்டபோது மட்டும் ஜில்லென்று இருந்தது. கதவு இடுக்கில் காற்று வருகிறது போலும் என்று தூங்கிவிட்டேன்.

டக்.

விழித்தேன். மணி 2:10. பம்ப் சத்தம் இல்லை. விசிறி சத்தமும் இல்லை. முகமூடியைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு டார்ச் அடித்தேன். பெட்டியில் 55 சதவீதம். விடியும்வரை இரண்டுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் இடது பொத்தானின் விளக்கு அணைந்திருந்தது. வலது எரிந்தது.

ஒயரை ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தி ஹீட்டரை மறுபடி ஓட்டினேன். உட்கார்ந்தே இருந்தேன்.

டிக்... டிக்... டிக்...

2:25. என் கண் முன்னால்தான் நடந்தது. பொத்தான் மெல்ல உள்ளே போனது... வெளியே வந்தது.

டக்.

"யாரு?"

என் மூச்சு புகையாக வந்தது.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை பொத்தான் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.

2:31.

என் விரல் மேல் ஒரு விரல். ஜில்லென்று.

அழுத்தியது.

டக்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மடியில் கிடந்த முகமூடி எழுந்து என் மூக்கின் மேல் உட்கார்ந்தது. இடது காதுக்குப் பின்னால் வார் இழுபட்டது. கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... தினமும் அவள் இறுக்கிவிடுகிற அளவு.

பிறகு போர்வை.

அவளுடையது.

என் மேல்...

விடியும்வரை நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், பெட்டியில் ஏதோ ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். அவள் அதற்கான ஆப்பைத் தன் போனில் ஏற்றிப் பெட்டியோடு இணைத்தாள். எந்தப் பொத்தான் எத்தனை மணிக்கு அணைந்தது, தானாக அணைந்ததா, யாராவது அழுத்தினார்களா என்று எல்லாமே வாங்கிய நாளிலிருந்து பெட்டிக்குள்ளேயே பதிவாகியிருக்குமாம்; ஆப்பில் அதைப் பார்க்கலாமாம். எனக்கு அது தெரியாது.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லப்பா. 2:10, 2:25, 2:31. மூணு தடவையும் அழுத்தித்தான் அணைச்சிருக்கு. நீங்கதானே?"

நான் இடது பொத்தானைத் தடவிப் பார்த்தேன்.

"போன வருஷத்துப் பதிவும் இருக்கு," என்றவள் சட்டென்று நிறுத்தினாள். குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கும் 2:10தான்ப்பா. சார்ஜ் 32. இடது பொத்தான்... அதுவும் தானா அணையல. அழுத்தியிருக்காங்க. வலது பொத்தான் காலைல ஆறேகால் வரைக்கும் ஓடியிருக்கு. அப்போ மிச்சம் ரெண்டு சதவீதம்."

அன்று வேனில் விழித்திருந்தது ஒரே ஓர் ஆள்தான்.

ஒன்றுக்குத்தான் வரும் என்று சொன்னது நான். எந்த ஒன்று என்று முடிவு செய்தது அவள். தானாக நின்றுவிட்டது என்று ஒரு பொய்யும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இந்தத் தடவை பெட்டி நிறைய சார்ஜ் இருந்தது. "ரெண்டுக்கும் வரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.