நாலாவது வீடு

மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டில் முயல்களைக் கொண்டுவந்து விடுவது போன்ற வம்பு வேறு இல்லை. முயலுக்கு ஒயரைக் கண்டால் பல் நமநமக்கும். இவருக்குக் கடிபட்ட ஒயரைக் கண்டால் உடம்பே நடுங்கும். தெருவில் எல்லோரும் இவரை 'ஃபியூஸ்' என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராக இல்லை.

இந்த வம்பை விலைக்கு வாங்கியவள் அவர் மனைவி. விலங்குக் காப்பகத்தில் இடம் போதவில்லை, நல்ல வீடு அமையும் வரை முயல்களை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, இவரை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். "ரெண்டே வாரந்தாங்க" என்றாள். ஐந்து வருடம் ஆகிவிட்டது. பதினேழு முயல்கள் வந்து போய்விட்டன.

வருவதில்கூட அவருக்கு அவ்வளவு எரிச்சல் இல்லை. போவதில்தான். கூண்டைக் கழுவிக் கவிழ்த்த மறுநாள் காலையில், பழக்கதோஷத்தில் கீரைத்தண்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் நிற்பார். நின்றுவிட்டு மனைவியைப் பிடித்துக்கொள்வார். "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்." அப்போது என்ன சொன்னார் என்பது அவருக்கும் நினைவில்லை.

பதினெட்டாவதாக வந்தது மேனேஜர். சாம்பல் நிறம், மடிந்த ஒரு காது. காலையில் எழுந்ததும் அறையின் மூலைமுடுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு, எதுவுமே சரியில்லை என்பதுபோலப் பின்னங்காலால் தரையில் ஒரு தட்டு தட்டும். அதனால்தான் அந்தப் பெயர். வயதான முயல் என்பதால் எட்டு மாதம் யாரும் கேட்டு வரவில்லை. வேலை முடிந்து வந்தால் அவர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அன்றைக்குத் தன் உயிரை எடுத்த வாடிக்கையாளர்களைப் பற்றி ஒன்றுவிடாமல் புலம்புவார். அந்த வீட்டில் அவர் புலம்பலை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

பிறகு ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். முயலை வைத்திருப்பவர் புது வீட்டை நேரில் பார்த்துச் சரி என்றால்தான் கொடுப்பது என்று காப்பகத்தில் ஒரு விதி. அந்த விதியை எழுதியவர்கள் இவரை நினைத்துப் பார்க்கவில்லை. முதல் வீட்டில் ஃபிரிட்ஜ் ஒயர் தொங்கியது, வேண்டாம் என்றார். இரண்டாவது வீட்டில் சார்ஜர் தரையில் கிடந்தது, வேண்டாம். மூன்றாவது வீட்டில் ஒயரே கண்ணில் படவில்லை. சுவிட்ச் போர்டு கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

காப்பகத்து மேடம் போன் செய்தார். "சார், நீங்க முயலுக்கு வீடு பாக்குறீங்களா, வீட்டுக்கு கரண்ட் குடுக்கப் போறீங்களா?"

"கடிச்சிட்டுச் செத்துப்போச்சுன்னா நீங்களா மேடம் பதில் சொல்லுவீங்க?"

"இங்க ஒரு தாய் முயலும் ஆறு குட்டியும் அட்டைப்பெட்டில கெடக்குதுங்க. உங்க ரூம் காலியானாத்தான் அதுங்களுக்கு எடம். மேனேஜரை நீங்களே வச்சுக்கிறதா இருந்தா தாராளமா வச்சுக்குங்க. ஆனா இதத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டு, போனைத் திட்டினார்.

நாலாவது வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. உள்ளே காலை வைத்ததுமே அவருக்கு மனசு குளிர்ந்தது. மூன்று தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றின் ஒயர்களும் தரையில் பின்னிப் பிணைந்து ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போய் முட்டி நின்றன. இதைவிட மோசமான வீடு தேடினாலும் கிடைக்காது.

"இங்க விட்டா ஒரே நாள்ல கருகிடும்மா" என்றார், கிட்டத்தட்ட சந்தோஷமாக.

அந்த அம்மா பதறவில்லை. "அப்படியா? என்ன செய்யணும்னு சொல்லுங்கண்ணே, செஞ்சிடலாம்."

அதோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அதற்குத்தானே வந்தார். ஆனால் இருபத்தெட்டு வருடத் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"யாரு போட்டது இந்த ஒயரிங்?"

"முன்னாடி ஒருத்தர் வந்து போட்டாரு."

"அவனெல்லாம் ஒரு எலெக்ட்ரீஷியனா?" என்றபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து போர்டைத் திறந்தார். எர்த் ஒயர் எதிலும் சேராமல் அந்தரத்தில் நின்றது. இன்னொன்றை டேப்பைச் சுற்றி உள்ளே திணித்திருந்தான் அந்த மகானுபாவன். அவருக்கு மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது.

மறுநாள் காலையில் டிரில்லோடும் பிளாஸ்டிக் குழாய்களோடும் அங்கே போய்விட்டார். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி லைன், ஒயர் எல்லாம் குழாய்க்குள், பிளக் எல்லாம் இடுப்பு உயரத்தில். இரண்டு நாள் முழுக்க, முன்னால் வந்த எலெக்ட்ரீஷியனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

இரண்டாம் நாள் அவர் கிளம்பும்போது மனைவி வாசலில் மறித்தாள். "ஏங்க, மேனேஜரைக் குடுக்கக் கூடாதுன்னுதானே அங்க போனீங்க?"

"அந்த ஒயரிங்க நீ பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டே" என்றார். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் அவள் கேட்டது உறைத்தது. அப்போதும் திரும்பவில்லை. போர்டு பாதியில் திறந்து கிடந்தது, அதை அப்படியே விட அவரால் முடியாது.

மூன்றாம் நாள் மேனேஜரைக் கூடையில் வைத்துக்கொண்டு போனார். இறக்கி விட்டதும் அது தையல் மேசைக்கு அடியில் போய், துணித் துண்டுகளின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. அவர் டார்ச்சோடு மண்டி போட்டு, அறை முழுக்கத் தவழ்ந்து தேடினார். ஒரு வெடிப்பு, ஒரு தளர்ந்த ஆணி, ஒரு விரல்கடை ஒயர் வெளியே தெரிந்தால் போதும். ஒரு மணி நேரம் தேடினார். முழங்கால் வலித்தது. வேறு எவனாவது செய்த வேலையாக இருந்தால் பத்துக் குறை சொல்லியிருப்பார்.

"ஏதாவது பாக்கி இருக்காண்ணே?" என்றார் தையல்காரம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

வீட்டுக்கு வந்தபோது பின்னறையில் மனைவி தாய் முயலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். ஆறு குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. "வீடு எப்படிங்க?" என்று கேட்டாள்.

"ஒரு குறை இல்ல" என்று எரிந்து விழுந்தார். "ஒரு குறைகூட இல்ல." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, டார்ச்சைக்கூடக் கீழே வைக்காமல் அழுதார்.