உப்புக்கு அடங்காத திருக்கை

2004ஆம் ஆண்டு, சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள். காலை ஐந்தரைக்கு இராமநாதபுரத்தில் மதுரை பஸ் ஏறினேன். மடியில் தெர்மோகோல் பெட்டி, அதற்குள் ஐஸும் விடியலில் செத்த ஒரு திருக்கையும். விஷ முள்ளைத் துறையிலேயே வெட்டியிருந்தார்கள். இன்னும் இரண்டு நாளில் விசைப்படகுகளுக்கு நாற்பத்தைந்து நாள் மீன்பிடித் தடை. என் ஆய்வுக்கு இதுவே கடைசி மீன். கெட்டால் உதவித்தொகையோடு ஆய்வும் போயிற்று.

எனக்கு வேண்டியது அதன் மேல்தோலில் வழவழவென்று படிந்த வழும்பு மட்டும். பெரும்பகுதி தண்ணீர், மீதி சர்க்கரை கோத்த புரதங்கள், கிருமியின் சுவரைக் கரைக்கும் நொதிகள். திருக்கை சேற்றில் புண் இல்லாமல் கிடப்பது இதன் புண்ணியத்தில்தான். வழித்தவுடன் அதை உறைய வைக்க வேண்டும். அதற்கான உறைபெட்டி கடலோரத்தில் இல்லை, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இருந்தது. நம் நாட்டு ஏற்பாடு அப்படி.

எட்டரைக்கு மாட்டுத்தாவணி. டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் போய், திண்டுக்கல் பஸ்ஸில் இடம் பிடித்து, ஐஸ் மாற்றப் பெட்டியைத் திறந்தேன். ஊரில் சோதனைக்காக முதுகில் உள்ளங்கை அகலம் துடைத்து எடுத்திருந்தேன். அந்த இடம் மறுபடி மூடியிருந்தது. ஐஸ் தண்ணீராக இருக்கும் என்று தொட்டேன். நூல் இழுத்தது.

பக்கத்து சீட்டு குஜிலியம்பாறைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “என்ன தாயி அது, இம்புட்டு கண்ண முழிச்சுக்கிட்டு?”

“மீனும்மா. செத்துப்போச்சு.”

“பாத்தா அப்படித் தெரியலையே” என்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அறுபத்தைந்து கிலோமீட்டர். திண்டுக்கல்லில் இறங்கும்போது வெயில் கொளுத்தியது. நாகல் நகர் தாண்டி, என் தோழியின் அண்ணன் காதர் ஆட்டுத்தோல் பதனிடும் கூடத்துக்கு முப்பது ரூபாய் ஆட்டோ. வழிக்க மேடையும் கத்தியும் அவர் தருவார். வழும்பு எனக்கு, மணி மணியாக மினுங்கும் தோல் அவருக்கு. இதுதான் பேச்சு.

நான் கை கழுவி வருவதற்குள் திருக்கை மேல் உப்பு அப்பியிருந்தது.

“ஐயோ, என்னண்ணே செஞ்சீங்க!”

“தோலு வந்தா மொதல்ல உப்புத்தானே தங்கச்சி? இந்த வெயில்ல அழுகிறாது?”

வழும்பு வெள்ளைத் திரிகளாகச் சுருண்டு கிடந்தது. வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். பாவம், அவர் பதறிப்போய் ஐஸ் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினார். “செத்த நேரம் பொறும்மா.”

சுற்றிலும் ஆட்டுத்தோல்களில் ஈ மொய்த்தது. திருக்கை மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. மங்கிக் கிடந்த முதுகில், கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகளைச் சுற்றி, மெல்ல ஒரு பளபளப்பு ஊறியது. அது வியர்வை போல விளிம்பு வரை பரவியது.

காதர் அண்ணன் பின்வாங்கினார். “உசுரு இருக்கா?”

“இல்லண்ணே. காலையிலயே செத்துருச்சு.”

“அப்ப இத யாரு விடுறா?”

செத்த பிறகும் தோலின் செல்கள் சில மணி நேரம் சுரக்கும், உப்பு அதைத் தூண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். பயந்துபோயிருந்தேன். கத்தியை எடுத்து வழித்தேன். கத்தி போன தடத்தில் பின்னாலேயே ஈரம் படர்ந்தது. மூன்று குப்பிகள் நிறைந்தன. கலந்த உப்பை ஆய்வகத்தில் பிரித்துக்கொள்ளலாம். மதியத்துக்குள் குப்பிகள் உறைபெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆய்வு பிழைத்தது.

சாயங்காலம் விடைபெறப் போனபோது, அவர் கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். திருக்கை பக்கத்தில் முழுசாகக் கிடந்தது.

“தோலு வேணாமாண்ணே?”

“வேணாம் தங்கச்சி. இங்க வர்றதெல்லாம் உசுரு விட்டுட்டுப் போன தோலு. இது இன்னும் விட்டுக் குடுக்கல.”

எங்கள் கடற்கரையில் திருக்கையை மணலில் புரட்டி, வழும்பை உருவி எறிந்துவிட்டு அரிவாள்மணையில் வைப்போம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் இப்போது வீட்டில் திருக்கை வாங்குகிறேன், கழுவுகிறேன். கழுவியதும் அதை உற்றுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். முதுகு காய்ந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.