மோட்டார்காரர் வைத்த காற்று

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவது அவர் பிழைப்பு. தெருவுக்கே அவர் மோட்டார்காரர். சூடேறிய எதையும் ஆறவைத்தால் சரியாகும் என்பது கையிலேயே ஊறிப்போன எண்ணம்.

மூத்த மகள் சிட்டுமேல் கொதிக்கிற வெந்நீர் கொட்டிவிட்டது. முதுகும் தொடையும் வெந்து, தீக்காய வார்டில் கிடந்தாள். மூக்கில் குழாய் விட்டுச் சத்துப்பால் இறக்கினார்கள். அதுபோக வாயிலும் ஊட்டச் சொன்னார்கள். அறையை வேண்டுமென்றே கதகதப்பாக வைத்திருந்தார்கள். பிள்ளை உடம்போ அனலாய்க் கொதித்தது. மோட்டார்காரருக்குப் பொறுக்கவில்லை. பட்டறையிலிருந்து சின்ன மேஜை விசிறியைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் போடுவார், செருப்புச் சத்தம் கேட்டால் அணைப்பார்.

"அப்பா, குளுருதுப்பா."

"பொறுத்துக்கோடா தங்கம். சூடு இறங்கட்டும்."

ஊட்டப்போனால் சிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு தீனி? ஓடுதா, ஆடுதா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தானே வழித்துத் தின்றுவிடுவார்.

எடை இறங்கிக்கொண்டே போனது. கால் குச்சியாகிவிட்டது. ஒட்டுப்போட்ட தோலும் பிடிக்கவில்லை. ஒருநாள் சிஸ்டர் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, என்ன காரியம் பண்றீங்க?"

"உடம்பு கொதிக்குதும்மா. ஆறட்டும்னுதான்..."

"இது என்ன உங்க மோட்டாரா? தோல் போனதுல உள்சூடு சும்மாவே வெளியே போகுது. நீங்க காத்து வச்சா, அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் எரிக்கும். சாப்பாடு பத்தலைன்னா எதை எரிக்கும்? அவ சதையைத்தான்! படுத்துக் கிடந்தாலும் அவளுக்கு மலையேறுற ஆளு மாதிரி சாப்பாடு வேணும்."

மோட்டார்காரர் விசிறியை அணைத்துப் பையில் போட்டார்.

அன்றிலிருந்து குரங்குச் சேட்டையெல்லாம் செய்துகாட்டி வாய்வாயாக ஊட்டினார். தோல் பிடித்தது. சிட்டு எழுந்து நின்றாள், ரொம்பத் தாமதமாக. வீட்டுக்குக் கிளம்பும்போது சிஸ்டரைத் தனியே கேட்டார்.

"எல்லாம் என்னாலதானாம்மா?"

"காயம் பெருசுய்யா. எப்படியும் இளைச்சிருப்பா." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "இவ்வளவு இளைச்சிருக்க மாட்டா."

வருஷம் இரண்டு ஓடிவிட்டது. சிட்டு இப்போது நடக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். வளர்த்திதான் அப்படியே நின்றுவிட்டது. தங்கச்சி உயரத்தில் அவளைத் தாண்டிவிட்டாள். போன வாரம், தங்கச்சிக்குச் சின்னதாய்ப்போன சட்டையை எடுத்து அம்மா சிட்டுவுக்குப் போட்டுவிட்டாள்.

"அளவெடுத்த மாதிரி இருக்குப்பா, பாருங்க!" என்று சுற்றிக் காட்டினாள் சிட்டு.

"ஆமாடா, நல்லா இருக்கு," என்றார்.