திருப்பி வைக்கவும்

செம்பூர் ஸ்டேஷன் பக்கம், கேஷியரே இல்லாத கடையில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் பொருளைத் தன் போனில் ஸ்கேன் செய்து பையில் போட்டுக்கொள்வார். பணமும் போனிலேயே போய்விடும். ஸ்கேன் செய்யாமல் போட்டால் பின்னறையில் என் ஸ்க்ரீனில் அலர்ட் வரும், கடை ஸ்பீக்கர் இந்தியிலும் தமிழிலும் பேசும். ஆபரேட்டர் வெளியே முகம் காட்டக் கூடாது. ஷிஃப்ட் முழுக்க எல்லோரையும் நான் பார்ப்பேன், என்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பேய்க்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

1. முதல் அலர்ட்

ஐம்பது வயதுப் பெண் ஒருவர் ஸ்கேன் செய்யாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பையில் போட்டார். "ஸ்கேன் செய்யாத பொருளைத் திருப்பி வைக்கவும்" என்றது ஸ்பீக்கர். அவர் பாக்கெட்டை வெளியே எடுத்தார், தலைகீழாகத் திருப்பினார், மறுபடியும் பைக்குள்ளேயே வைத்தார். ஸ்பீக்கர் விடவில்லை. அவரும் விடவில்லை, இன்னொரு முறை திருப்பினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மைக்கை எடுத்தேன். "அக்கா, திருப்பின்னா எடுத்த எடத்துலயே வைக்கணும்."

"அப்படிச் சொல்ல வேண்டியதுதான? நான் எத்தன தடவதான் திருப்புவேன்?" கேமராவை நிமிர்ந்து பார்த்தார். "நீ எந்த ஊரு தம்பி?"

"நாசரேத் பக்கம்க்கா."

"நம்ம பக்கந்தான். நாளைக்கும் நீதான் இருப்பியா?"

2. பிளாக்

மறுநாளும் வந்தார், ஸ்கேன் செய்யாமல் பாக்கெட்டைப் பையில் போட்டார், நிமிர்ந்து நின்றார். நான் பேசினேன். பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிட்டு, சயான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, சீத்தா கேம்ப்பில் தனியாக இருக்கிறேன், மகன் துபாயில் என்றெல்லாம் சொன்னார். அதற்கப்புறம் இதே வழக்கமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அவர் வரும் நேரத்துக்கு நானும் காத்திருப்பேன்.

சான்பாடா ஆபீஸிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். "அந்த லேடிக்கு எவ்ளோ அலர்ட்? சோர்தான் அவ, திருடி. பிளாக் பண்ணிடு."

பிளாக் என்றால் திருடி என்று வாசல் ஸ்க்ரீனில் அவர் படம் ஓடும். ஏரியாவே பார்க்கும். அன்று அவர் வந்ததும் ரூலைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போய் விஷயத்தைச் சொன்னேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "திருடவா வந்தேன்? வீட்டுல செவரோடதான் பேசணும். பையில போட்டா நீ பேசுவியேன்னு..."

பாக்கெட்டை அவர் ஒருமுறைகூடக் கொண்டுபோகவில்லை என்று காட்ட எல்லா ஃபுட்டேஜையும் ஆபீஸுக்கு அனுப்பினேன். "சரி, பிளாக் வேணாம். ஆனா இனிமே மைக்ல கதை பேசினா உன் வேலை போயிடும்" என்றார் சூப்பர்வைசர்.

புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையை மட்டும் பார்க்காதீர்கள், முகத்தையும் பாருங்கள். திருட வந்தவர் கேமராவுக்கு முகத்தை மறைப்பார். எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பவருக்கு வேறு ஏதோ வேண்டும்.

அக்கா இப்போதும் வருகிறார். ஒழுங்காக ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார். அலர்ட் வருவதில்லை. எனக்கும் பேச ஆளில்லை.