தொட்டிக்குள் இருக்கும் ஆட்கள்

என் சித்தியின் வேலை சாப்பாடு போடுவது. யாருக்கு என்று கேட்டால், "நம்ம ஆளுங்களுக்கு" என்பாள். சாயப்பட்டறையின் பின்பக்கம், கால்வாய்க் கரையை ஒட்டி, வட்ட வட்டமாகச் சிமென்ட் தொட்டிகள் இருக்கின்றன. கோடிக்கணக்கான அந்த ஆட்கள் குடியிருப்பது அதற்குள்தான். கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். கூலி கேட்கமாட்டார்கள், லீவு எடுக்கமாட்டார்கள். பட்டறை கழித்துவிடும் தண்ணீரைத் தின்று தின்றே கால்வாயில் விடும் அளவுக்குச் சுத்தமாக்கித் தருவார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்துவிட வேண்டும்.

சாயத்தின் நிறத்தை முதலிலேயே சுண்ணாம்பு போட்டு அடியில் படிய வைத்துவிடுவார்கள். நிறம் போனதும் தண்ணீர் யோக்கியமாகத் தெரியும். ஆனால் நெசவுக்கு முன்னால் நூலில் ஏற்றிய கஞ்சி, துவைத்த சோப்பு, மெழுகு எல்லாம் அதில் கரைந்து கிடக்கும். அதை அப்படியே கால்வாயில் விட்டால் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மீன்கள் மூச்சுக்குத் தவித்துக் கரையோரம் வயிறு காட்டி மிதக்கும். அந்தக் கஞ்சியைத்தான் சித்தியின் ஆட்கள் தின்று தீர்க்கிறார்கள்.

பட்டறையில் அவள் சேர்ந்தது பெருக்கித் துடைக்க. தொட்டிக்குப் பக்கத்து அறையில் ஜன்னலோரம் ஒரு நுண்ணோக்கி உண்டு. தூசி தட்டும்போது, இதில் அப்படி என்னத்தைத்தான் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள் என்று கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"காம்பு வச்ச மணிடி. கொத்துக் கொத்தா நிக்குது. ஒவ்வொண்ணும் வாயத் தெறந்து சாப்பிட்டுட்டிருக்கு. திடீர்னு ஒண்ணு ஸ்பிரிங் மாதிரி சுருண்டுக்கிச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு, சாப்பிடுறவங்க வாயப் பாத்துட்டமேன்னு."

அதற்கப்புறம் துடைப்பம் அவள் கையில் நிற்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் வேறு ஊருக்குப் போனதும், "நான் பாத்துக்கிறேன்" என்று தானாகவே போய் நின்றாள். கேட்டுத்தான் வேலை கொடுத்தார்களா, துரத்த முடியாமல் கொடுத்தார்களா என்று சித்தப்பாவுக்கு இன்றுவரை சந்தேகம். தையல் கடைகளுக்குத் துணிக்கட்டு ஏற்றிப் போகும் மூன்று சக்கர வண்டி அவருடையது. "உங்க சித்தி வீட்டுக்கு வர்றதே எனக்குச் சோறு இருக்கான்னு பாக்க இல்ல, தொட்டிக்கு ஆகுமான்னு மோந்து பாக்க" என்பார்.

இந்த முறை விடுமுறைக்கு வந்த நான், முதல் நாளே தொட்டியைப் பார்க்கப் போனேன். வெளிநாட்டில் இத்தனை வருஷம் இருந்ததில் தண்ணீர் என்றாலே எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது கொதிக்க வைத்ததா, வடிகட்டியதா, யார் கை பட்டது என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். கிருமிநாசினிக் குப்பியை எடுத்துக் கையில் பீய்ச்சப் போனதும் சித்தி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அத வெளியில வச்சிட்டு வாடி. நீ கிருமின்னு சொல்றது என் ஆளுங்களத்தான்."

தொட்டி குழம்பிப்போய்க் கிடந்தது. நல்ல நாளில் அது காப்பித்தூள் நிறத்தில், நனைந்த மண் வாசனையோடு இருக்குமாம். இப்போது வெளுத்த சாம்பல். சித்தி ஒரு நீளக் கண்ணாடிக் குவளையில் மொண்டு ஜன்னலில் வைத்தாள். ஆட்கள் நலமாக இருந்தால் திட்டுத் திட்டாகச் சேர்ந்து அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அன்று எதுவும் படியவில்லை. மோர் மாதிரி கலங்கியே நின்றது.

"பட்டினி" என்றாள்.

பட்டறையின் கொதிகலன் வெடிப்பு விட்டிருந்தது. சாயம் இல்லை, துவைப்பு இல்லை, அதனால் தொட்டிக்குத் தீனியும் இல்லை. இப்படி நின்றுபோகும் காலத்துக்கென்று கரும்பாலையிலிருந்து வரவேண்டிய பாகுக் கழிவு, பாலம் உடைந்ததால் எங்கோ லாரியோடு நின்றது.

மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, கொதிகலன் கவலையில் முகம் தொங்கிப்போயிருந்தது.

"செத்தாச் சாகட்டும்மா. பட்டறை ஓட ஆரம்பிச்சதும் வெளியூர்த் தொட்டிலேர்ந்து விதை கொண்டாந்து புதுசா வளத்துக்கலாம்."

"வளர மாசக்கணக்காகுமே சார். அதுவரைக்கும் வர்ற தண்ணி எங்க போகும்?"

சுவரைத் துளைத்துக்கொண்டு நேராகக் கால்வாய்க்குள் இறங்கும் குழாய் ஒன்று அவருக்குப் பின்னால் இருந்தது. பட்டறையை அவரால் மூடி வைக்க முடியாது. அந்தக் குழாயைத் திறந்துவிடுவார். மூவருக்குமே அது தெரிந்திருந்தது.

சித்தி பெரிய தொட்டிகளைக் கைகழுவினாள். எல்லாவற்றிலும் ஆட்கள் ஒட்டியிருந்த கசடை ஓரத்துச் சின்னத் தொட்டி ஒன்றில் சேர்த்தாள். அது ஒன்று பிழைத்தால் போதும், அதிலிருந்து எடுத்தே மற்றதையெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம். அப்புறம் வீட்டுக்கு வந்து சித்தப்பா முன்னால் நின்றாள்.

"துணிக்கு ஏத்துற கஞ்சியும் கஞ்சிதான், வீட்டுல வடிக்கிற கஞ்சியும் கஞ்சிதான். தெரு முழுக்க அடுப்படியில கொட்டுறாங்கல்ல? வண்டிய எடுங்க."

"ஊர்ல புருஷனுங்க பொண்டாட்டிக்கு நகை வாங்கிட்டு வர்றாங்க. நான் வீடு வீடாப் போய்க் கழுநீர் வாங்கிட்டு வரணுமா?"

"நகைய என் ஆளுங்க திங்கமாட்டாங்க."

மறுநாள் காலை வண்டியில் பீப்பாய்கள் ஏறின. வடித்த கஞ்சி, அரிசி களைந்த தண்ணீர், திரிந்த பால், கனிந்து அழுகப்போகும் பழம் என்று வாசலுக்கு வாசல் வந்தது. சாக்கடையில் போய் நாற வேண்டியதெல்லாம் சித்தப்பாவின் பீப்பாயில் தளும்பியது. தொட்டியில் ஊற்றி, காற்றடிக்கும் மோட்டாரைச் சித்தி மெல்ல ஓட்டினாள். அடுத்த நாள் கண்ணாடிக் குவளையில் ஏதோ அசைந்து சேர்ந்தது. நூல்நூலாகத் திரண்டு மெதுவாக இறங்கி அடியில் உட்கார்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

"வயிறு ரொம்புதுடி" என்றாள் சித்தி.

அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டது. தெருவுக்குள் செய்தி பரவியது. பட்டறையில் ஏதோ முக்கியமான வேலைக்கு நம் வீட்டுத் தண்ணீர் போகிறது என்றதும் எல்லோருக்கும் மரியாதை வந்துவிட்டது. அன்று வந்த பீப்பாய்கள் பளபளத்தன. சித்தப்பா பெருமையோடு ஊற்றிவிட்டு, "பாரு, இன்னிக்கு நாத்தமே இல்ல" என்றார்.

சித்தி பீப்பாய்க்குள் முகத்தை நுழைத்தாள். வெளியே எடுத்தபோது முகத்தில் ரத்தமில்லை. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வாடை.

எதிர்வீட்டு மாடியிலிருந்து வந்த பீப்பாய் அது. சித்தி ஓட்டமும் நடையுமாகப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். மாடிவீட்டம்மா சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் பினாயில் கலந்தேம்மா. எச்சத் தண்ணியா இருந்தாலும் அடுத்தவங்க கையில குடுக்கிறதுல்ல? நாத்தத்தோடவா குடுப்பாங்க? கீழ்வீட்டுக்காரங்களும் ஊத்துனாங்களே."

"அக்கா" என்றாள் சித்தி. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "உங்க மானத்தக் காப்பாத்தப் போயி என் ஆளுங்க உயிர எடுத்துட்டீங்களேக்கா."

திரும்பி வந்து நுண்ணோக்கியில் பார்த்தோம். காம்புகள் நின்றன. மணிகளைக் காணோம். எல்லாம் உதிர்ந்து, உருண்டைகளாக எங்கோ மிதந்தன. அறுவடை முடிந்த வயல் மாதிரி வெறும் தாள்கள். உலகத்தில் எத்தனையோ பெரிய அழிவுகளைச் செய்தியில் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீருக்காக அன்று எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

சித்தப்பா அறை வாசலிலேயே குந்திவிட்டார். "மோந்து பாக்காம ஊத்திட்டேனே."

"எந்திரிங்க. ஒக்காந்து அழ நேரமில்ல. திட்டுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கிறவன் பொழைப்பான். வெளியில நிக்கிறவன்தான் செத்தான்."

மோட்டாரை நிறுத்தினாள். கசடு படியக் காத்திருந்து, மேலாக நின்ற தண்ணீரைப் பக்கத்தில் காலியாகக் கிடந்த தொட்டி ஒன்றுக்கு இறைத்தோம். கிணற்றுத் தண்ணீரை விட்டுக் கலக்கினோம். மறுபடி படிய விட்டோம், மறுபடி இறைத்தோம். நோயாளிக்கு வயிற்றைக் கழுவுவது போல அலசிக்கொண்டே இருந்தோம். அவள் கடைசியாகக் கையில் மொண்டு மோந்துவிட்டு, வாடை போய்விட்டது என்று தலையை ஆட்டினாள். எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் கை அந்தக் கசட்டில் முழங்கை வரை இருந்ததையும், குப்பியை நான் தேடவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

மாலையில் மாடிவீட்டம்மாவே தெருவிலிறங்கி வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார்: "பாத்திரத்தக் கழுவாம குடுங்க! சோப்பு வேணாம், பினாயில் வேணாம். அழுக்கா இருந்தாத்தான் வாங்குவாங்களாம்!" கீழ்வீட்டுப் பெண், "என் மாமியார் கேட்டா மயக்கம் போட்டுடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே பழைய கஞ்சியை நீட்டினாள்.

சித்தி முதலில் ஒரு செம்புக் கஞ்சிதான் ஊற்றினாள். அப்புறம் காத்திருந்தோம். அதற்கடுத்த நாளும் காத்திருந்தோம். குவளையில் கலங்கல் கலங்கலாகவே இருந்தது. நடுவில் மேனேஜர் வந்து, கொதிகலனை மூட்டியாயிற்று என்றார். போகும்போது சுவரிலிருந்த குழாயை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

ஒரு காலையில் சித்தி நுண்ணோக்கியிலிருந்து நகராமல் கையை மட்டும் பின்னால் நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பார்த்தேன். மங்கிய திட்டு ஒன்றின் ஓரத்தில் ஒரே ஒரு காம்பு. அதன் நுனியில் மொட்டு மாதிரி ஒன்று மூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது. விளிம்பில் கண்ணிமை முடிகளைப் போல ஏதோ சுழல ஆரம்பித்தது. சுற்றியிருந்த தூளெல்லாம் சிறு சுழியாகி அந்த வாயை நோக்கி ஓடியது. இந்தப் பட்டறையும் கால்வாயும், கரையில் துணி உலர்த்தும் அத்தனை வீடுகளும் அந்த வாயை நம்பி இருக்கின்றன.

"சாப்பிடுது சித்தி" என்றேன். குரல் கிசுகிசுத்தது. கோயிலிலும் நான் அப்படிப் பேசியதில்லை.

"கத்தாத. சாப்பிடட்டும்."

ஒன்று பத்தாகிப் பல்கிப் பெருக அதிக நாள் ஆகவில்லை. குவளையின் அடியில் காப்பி நிறக் கசடு படிந்தது, மேலே தண்ணீர் தெளிந்தது. அதை ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றியிருந்த நேரம், பட்டறையில் துவைப்பு தொடங்கிவிட்டது என்று சொல்ல மேனேஜர் ஓடிவந்தார்.

"முழுசா விடட்டுமாம்மா?"

"பச்ச உடம்புக்காரி வாயில பந்திச் சோத்தத் திணிப்பீங்களா சார்? விரல் அளவு விடுங்க. மிச்சத்தச் சேமிப்புத் தொட்டியில தேக்குங்க. அது ரொம்பிட்டா துவைப்பக் கொறைங்க."

"மேல கேட்பாங்களே."

"வரச் சொல்லுங்க. ஒரு சொட்டு எடுத்துக் காட்டுறேன்."

மேனேஜர் தானே போய், தொட்டிக்குள் வரும் வால்வின் சக்கரத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினார். நிறம் கழிந்த தண்ணீர், கஞ்சி வாடையோடு, நூலாக விழுந்தது. தொட்டி அதை வாங்கிக்கொண்டது. மேலே நுரை பூத்து, உடைந்து, மறுபடி பூத்தது. நனைந்த மண்ணின் வாசனை எழுந்தது.

மறுகோடியில் வழிந்து கால்வாய்க்குப் போகும் தண்ணீரைச் சித்தி குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதன் வழியாக எதிர்க்கரை தெரிந்தது. திரும்பாமலே சொன்னாள்:

"இன்னும் கால் சுத்து தொறங்க சார். பசிக்குதாம்."