ஜன்னத் அக்கா கடையில் எங்கம்மா

ஜன்னத் அக்கா போயிட்டாங்க. காலைல அவங்க மகன் போன் பண்ணிச் சொன்னான்..

பேட்டையில எங்க தெருவுல லேடீஸ் டெய்லர் கடை வச்சிருந்தவங்க. இதை எழுதும்போதுகூட அவங்க மேல எனக்குப் பொறாமைதான். இருபத்தஞ்சு, முப்பது வருஷப் பொறாமை.

தொண்ணூத்தஞ்சு வாக்குல, அப்பா தவறின பிறகு, அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சது. அடுப்புல பால வச்சிட்டு மறந்துடுவா. பேச்சும் கொறஞ்சு போச்சு.

"தனியா விடாதீங்க, நாலு பேரோட பழக விடுங்க"ன்னு டாக்டர் சொன்னார். ஆபீஸ் விட்டதும் ஓடி வந்து பக்கத்துல உக்காருவேன். "ம்" கொட்டுவா.. அவ்வளவுதான்.

அப்பத்தான் அக்கா ஒரு மத்தியானம் வந்து நின்னாங்க. "பெரிம்மா, ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்க ஆள் இல்ல. வாங்க."

கடைக்கு யார் வந்தாலும் மொதல்ல அம்மாகிட்ட பேசணும். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லணும். அளவு எடுக்கதெல்லாம் அப்புறம்தான்.

அடுத்த தடவ அதே ஆள் வந்தா அக்கா கேப்பாங்க, "பெரிம்மா, இவ யாரு?" யாராவது எடுத்துக் கொடுத்தா சத்தம் போடுவாங்க. "ஏட்டி, நீ சும்மா இரு. அவங்க பைய யோசிச்சு சொல்லட்டும்."

அம்மா சொல்லிடுவா. சிரிப்பா. அப்பா சைக்கிள்ல வச்சு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போன கதையெல்லாம் சொல்லுவா.. எங்கிட்ட சொன்னதே இல்ல. வாசல்ல நின்னு கேட்டிருக்கேன்.

ஒருநாள் புதுசா வந்தவ ஒருத்தி, அக்காவக் காட்டி "இவங்க உங்களுக்கு யாரு?"ன்னு கேட்டா.

"எம் மூத்த மவ"ன்னா அம்மா.

நான் ஒத்தப் பிள்ளைங்க. பின்னாலதான் நின்னுட்டிருந்தேன். பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை சொதி வச்சு, "இன்னிக்கு கடை வேண்டாம்மா, எங்கூட இரு"ன்னேன். நல்லா சாப்பிட்டா. கை கழுவிட்டு வந்து பாத்தா செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறா. "நேரமாச்சுட்டி, ஜன்னத் தேடுவா."

மறதி அதுக்கு மேல பெருசா போகல. கடைசி வரைக்கும் எம் பேரு அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கூப்பிட்டது மட்டும் என்னமோ அக்கா பேரத்தான்.

இன்னிக்குப் போனேன். வீடு நிறையப் பொம்பளைங்க. பாதிப் பேரை நான் பாத்ததே இல்ல. "எங்கம்மாவ உக்கார வச்சுப் பேசுவாங்களே".. "எங்க மாமியார சிரிக்க வச்சாங்களே".. ஒவ்வொருத்தியும் "எங்க அக்கா"ன்னு அழுதா.

எனக்கு அதுவும் பிடிக்கல.

எங்க அக்கா.. போயிட்டு வாங்க.