முனியாண்டிக்கு மூன்று வீட்டுச் சாப்பாடு

வாத்தியார் வேலை போதாதென்று, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இன்னொரு உத்தியோகமும் வந்து சேர்ந்தது – மொழிபெயர்ப்பாளர்!

கொழும்பிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். சிங்களவர், தங்கமான மனிதர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தற்கொலை ஏன் நடக்கிறது, யாருக்கு ஆபத்து அதிகம் என்று விசாரிக்கிறாராம். கையில் நீளமாக ஒரு படிவம். வயது என்ன? ஆணா, பெண்ணா? கல்யாணம் ஆனவரா? தனியாக வசிக்கிறாரா?

"தனியாக இருக்கிற ஆண்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. முனியாண்டி ஞாபகம் வந்துவிட்டது.

கொட்டகலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில், கடைசி அறை – கடைசிக் காம்பரா – அவருடையது. போன வருஷம் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் இந்தியாவுக்குப் போய்விட்டான். அதிலிருந்து மனிதர் பாதி நாள் வேலைக்குப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொள்வார், யாரிடமும் பேச்சில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போய் ஒரு வார்த்தை கேட்டேனா? நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம்... இப்படியே மாதங்கள் ஓடிவிட்டன.

சரி, லயத்துக்குப் போனோம். அதிகாரி படிவத்தை விரித்ததுதான் தாமதம் – வீட்டுக்கு வீடு ட்ரங்குப் பெட்டி திறந்தது! பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, தாத்தா பெயர் போட்ட பழைய துண்டுச் சீட்டு... பிரஜாவுரிமை விசாரணை என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? காகிதத்தோடு படியேறி வந்தவன் எவன் இதுவரை வேறு எதைக் கேட்டிருக்கிறான்?

"இது அது இல்லீங்க!" என்று தொண்டை வற்றக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

முதல் காம்பரா காளியம்மாவிடம், "இங்க தனியா யாராச்சும் இருக்காங்களா?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லீங்க."

"கடைசிக் காம்பரா முனியாண்டி?"

"அவரு எங்க அண்ணன்ங்க! மூணு வேளையும் எங்க வீட்டுலதான் சாப்பாடு."

பச்சைப் பொய்! தனி ஆள் என்று எழுதினால் அவரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம். அடுத்த காம்பராவில் முனியாண்டி மாமா ஆனார். அதற்கடுத்ததில் சித்தப்பா. அங்கேயும் மூணு வேளை! அதிகாரி எழுதுவதும் அடிப்பதுமாகத் திண்டாடிப் போனார்.

கடைசியில், உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முனியாண்டியே வாசலுக்கு வந்தார். லயமே எங்கள் பின்னால் நின்று அவருக்குக் கண்ணைக் காட்டியது.

"தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மூணு வீட்டுல சாப்பிடுறவன் எப்படிங்க தனி ஆளு?" என்றவர், சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. "இத்தன நாளா என்னைய யாருமே கேக்கலீங்க, சார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மகனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

அதிகாரி கிளம்பும்போது, "சரிபார்க்க மறுபடி வருவேன்" என்று சொல்லிவிட்டார். போச்சுடா! சொன்ன பொய்யை மெய்யாக்கியாக வேண்டுமே? அன்று மத்தியானமே காளியம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எடுத்துக்கொண்டு ஓடினார். இப்போது மூன்று வீட்டிலும் முறை வைத்துச் சாப்பாடு போகிறது. மனிதர் ஒழுங்காக வேலைக்குப் போகிறார். முந்தாநாள் சம்பலில் உப்பு போதவில்லை என்று சண்டைகூடப் போட்டாராம். கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

நேற்று அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது – வேலை முடிந்துவிட்டதாம், இனி வரமாட்டாராம்.

லயத்தில் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை... நீங்களும் திறந்துவிடாதீர்கள்!